உயிர்களின் உறவை உணர்ந்தவர்

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் நடைபெற்ற சொற்போரில் நான் பேசியதை நண்பர்கள் சிலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். திருமாலின் பத்து அவதாரங்களும் டார்வினின் பரிணாமக் கொள்கையும் ஒன்றே என்பது என் கட்சி. முதலில் நீரில் வாழும் மீன். அடுத்து நீருக்கும் நிலத்துக்கும் பொதுவான ஆமை. பின் நிலத்து விலங்காகிய பன்றி. பின் பாதி விலங்கும் பாதி மனிதனுமாகிய நரசிங்கம். பின் குறள் வடிவினன். பின் கோடரி ஏந்தியவன். பின் வில் ஏந்தியவன் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அரங்கம் கைதட்டலால் அதிர்ந்தது. டார்வின் 1859இல் கண்டதை நம் முன்னோர் புராணத்திலேயே எழுதி வைத்துவிட்டனர் என்று முழங்கி அமர்ந்தேன். எவர்சில்வர் டம்ளர் ஒன்று பரிசாகக் கிடைத்தது.

மறுநாள் விலங்கியல் துறைத் தாழ்வாரத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் என்னை நிறுத்தினார். பேச்சைப் பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த மீனின் வழிவந்த குஞ்சுகளிலிருந்துதான் ஆமை பிறந்ததா என்பதே அது. நான் விழித்தேன். எந்தப் புராணத்திலும் அப்படி இல்லை. ஒவ்வோர் அவதாரமும் வைகுந்தத்திலிருந்து நேரே இறங்கி வந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. பிறப்பு வழியாக மாறி வருவதுதான் பரிணாமம் எனில், நான் பேசியது என்ன? அவர் மேலும் ஒன்றும் சொல்லவில்லை. ஹால்டேனைப் படி என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. நூலகத்தில் கிடைத்த ஆங்கில நூல்களை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடிக்க எனக்கு ஒரு பருவம் முழுவதும் பிடித்தது. முடித்தபோது அந்த டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கொடுக்கவில்லை. அதற்கு ஈடாக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு 32 ஆண்டுகளுக்கு முன், 1860இல், அதே ஊரில்தான் ஆயர் வில்பர்போர்சும் அறிஞர் ஹக்ஸ்லியும் டார்வினின் நூலைப் பற்றி நேருக்கு நேர் மோதிக்கொண்டனர். மனிதனும் வாலில்லாக் குரங்கும் ஒரே மூதாதையின் வழியினர் என்ற செய்தி கிறித்தவ ஐரோப்பாவின் அடித்தளத்தையே அசைத்தது. இறைவன் மனிதனைத் தன் சாயலில் தனியே படைத்தான், விலங்குகளை அவன் ஆட்சிக்குக் கொடுத்தான் என்று நம்பியவர்களுக்கு அது வெறும் அறிவியல் செய்தி அன்று, அவமானம். அந்த அவமானம் எளிதில் ஆறவில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பரிணாமத்தைப் பாடமாகச் சொன்ன ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியருக்கு 1925இல் 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஹால்டேனின் தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சுவிடுதலைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்புகழ் பெற்றவர். சுரங்கங்களில் நச்சுக் காற்றை முன்கூட்டியே அறியச் சிறு பறவைகளைக் கூண்டிலிட்டுக் கொண்டுசெல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவரே. தம் மகனையும் சுரங்கத்துக்குள் அழைத்துச் செல்வார். ஒருமுறை சுரங்கத்தின் தாழ்ந்த பகுதியொன்றில் சிறுவனை எழுந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் புகழ்பெற்ற சொற்பொழிவொன்றை ஒப்பிக்கச் சொன்னார். சில அடிகள் சொல்வதற்குள் பையனுக்கு மூச்சு முட்டியது. கால்கள் மடங்கித் தரையில் விழுந்தான். விழுந்தவுடன் மூச்சு சீராகிவிட்டது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, ஆகவே மேலே தங்கும், கீழே நல்ல காற்று இருக்கும் என்ற பாடத்தை அவன் தன் நுரையீரலால் கற்றான். நமக்கு அது பாடநூலில் ஒரு வரி.

1901இல் தந்தை அவரை மெண்டலின் மரபு விதிகள் பற்றிய சொற்பொழிவொன்றுக்கு அழைத்துச் சென்றார். அப்போது பையனுக்கு வயது எட்டு. பிற்காலத்தில் அவரும் அவர் தங்கை நவோமியும் வீட்டிலேயே கினிப் பன்றிகளையும் எலிகளையும் வளர்த்து மரபுப் பண்புகளைக் கணக்கிட்டனர். அந்த எலிகளைப் பற்றிய ஆய்வுரை 1915இல் வெளிவந்தபோது ஹால்டேன் போர்க்களத்தில் இருந்தார். உடன் எழுதிய நண்பரோ போரில் மடிந்திருந்தார்.

ஒன்றைச் சொன்னால் நம் பி.எஸ்.சி. நண்பர்கள் நம்பமாட்டார்கள். இந்த மாபெரும் உயிரியலார் அறிவியலில் பட்டம் பெற்றவரே அல்லர். ஆக்ஸ்போர்டில் அவர் கற்றவை கணக்கும், கிரேக்க இலத்தீன் இலக்கியமும், மெய்யியலும். 1914இல் பட்டம் பெற்றதும் போர் வந்துவிட்டது. பிரான்சில் காயமுற்றார், பிறகு மெசபடோமியாவில் காயமுற்றார், உடல் தேற இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அப்போதே இந்நாடு அவரைக் கவர்ந்தது. ஆனால் ஆளும் இனத்தவனாக இங்கு வாழ அவருக்கு மனம் ஒப்பவில்லை. மீண்டும் வந்தால் இந்தியருக்குச் சமமானவனாகவே வரவேண்டும் என்று எண்ணிக் கப்பலேறினார். அந்த எண்ணம் நிறைவேற ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆயின.

இடையில் அவர் செய்தவற்றை எல்லாம் எழுதினால் இம்மலர் கொள்ளாது. கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல், பின் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மரபியல், 1932இல் ராயல் கழக உறுப்பினர் பதவி, பொதுவுடைமைக் கட்சி, அக்கட்சியின் நாளிதழில் எளிய அறிவியல் கட்டுரைகள், பின்னர் அக்கட்சியிலிருந்து விலகல் என்று போகிறது அக்கதை. தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டவர் அவர். அம்மோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்தார். 1939இல் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டபின், அழுத்தக் கூண்டுக்குள் தாமே அமர்ந்து மூச்சுத் திணறலை ஆராய்ந்தார். அத்தகைய ஆய்வொன்றில் வலிப்பு வந்து முதுகெலும்பு முறிந்தது. உயிரின் தோற்றம் பற்றி 1929இல் எழுதிய சிறு கட்டுரையில், ஆதிக் கடல் ஒரு நீர்த்த சூடான ரசத்தைப் போல் இருந்திருக்கும், அதில் வேதிப்பொருள்கள் கூடி உயிரின் முதற்படி உருவாகியிருக்கும் என்று கருதினார். ரஷ்ய நாட்டு ஓப்பாரினும் ஏறத்தாழ இதே கருத்தை 1924இல் சொல்லியிருந்தார். இதெல்லாம் நம் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக வரும். ஆகவே இங்கு விரிக்கவில்லை.

விரிக்க வேண்டியது கணக்கு. டார்வின் இயற்கைத் தேர்வு என்றார். ஆனால் அது எத்துணை வேகத்தில் நடக்கும்? ஆயிரம் தலைமுறை வேண்டுமா, பத்து இலட்சம் தலைமுறை வேண்டுமா? 1924 முதல் ஹால்டேன் எழுதிய தொடர் கட்டுரைகள் இதற்கு விடை கண்டன. அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ஓர் அந்துப்பூச்சி. சாம்பல் நிறப் புள்ளிகளுடைய அந்தப் பூச்சியின் கறுப்பு வகை மான்செஸ்டர் பகுதியில் 1848இல் முதன்முதலாகக் குறிக்கப்பட்டது. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்தன. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அப்பகுதியில் பெரும்பாலான பூச்சிகள் கறுப்பாகிவிட்டன. ஆண்டுக்கு ஒரு தலைமுறை. இவ்வளவு விரைவில் இம்மாற்றம் நிகழ வேண்டுமானால், வெளிர்நிறப் பூச்சி நூறு வாரிசுகளை விட்டுச் செல்லும்போது கறுப்புப் பூச்சி ஏறத்தாழ நூற்றைம்பது வாரிசுகளை விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். பறவைகள் உண்மையாகவே அவ்வளவு பாகுபாட்டோடு பூச்சிகளைத் தின்னுமா என்று பலர் ஐயுற்றனர். 1950களில் கெட்டில்வெல் என்பார் காட்டிலேயே ஆய்வு நடத்தி, தின்னும் என்று காட்டினார்.

இயற்கைத் தேர்வு மனிதரிடமும் நடக்கிறது என்பதையும் ஹால்டேன் முன்னறிந்தார். தலசீமியா என்னும் இரத்த நோய்க்கான ஜீனை ஒரு பங்கு மட்டும் உடையவர்கள் மலேரியாவைத் தாங்கி நிற்பார்கள். அதனால்தான் மலேரியா நாடுகளில் அந்த ஜீன் அழியாமல் நிற்கிறது என்று 1949இல் எழுதினார். அரிவாள் வடிவச் சிவப்பணுக்களிலும் இதுவே உண்மை என்று 1954இல் ஆலிசன் காட்டினார். அந்த அரிவாள் அணுக்கள் நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் உண்டு என்பது 1952இல் கண்டறியப்பட்டதாகும். குரங்கு மனிதனானதை யாரும் கண்ணால் கண்டதில்லை, ஆகவே டார்வின் சொன்னது தவறு என்று 2018இல் மத்திய இணையமைச்சர் ஒருவரே பேசியபோது எனக்கு இந்த அந்துப்பூச்சியும் அரிவாள் அணுவும் தெரியாது. தெரிந்திருந்தால் சொற்போரில் வேறு கட்சியில் நின்றிருப்பேனோ என்னவோ.

1956இல் இங்கிலாந்து சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின்மீது படையெடுத்தது. ஆக்கிரமிப்பு நாட்டின் குடிமகனாக இருக்க விரும்பவில்லை என்று அறிவித்த ஹால்டேன், 1957இல், தமது 64ஆம் வயதில், மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவுக்கு வந்து, பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். காரணம் அது ஒன்றே அன்று. அறுபதாண்டு காலுறை அணிந்தாயிற்று, இனிப் போதும் என்றும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார். புலால் உண்பதை விட்டார். சென்னையிலிருந்து வெளிவரும் இந்து நாளிதழில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1961இல் இந்தியக் குடிமகனும் ஆனார்.

இனி என் டம்ளர்க் கணக்குக்கு வருகிறேன்.

அவதார வரிசை முதுகெலும்பு விலங்குகள் தோன்றிய வரிசையைத் தோராயமாக ஒத்திருப்பதை ஹால்டேன் கவனித்து எழுதியது உண்மையே. அவருக்கு நெடுநாள் முன்பே, 1882இல், வங்கத்துக் கேசவ சந்திர சேனும் இதைச் சொல்லியிருக்கிறார். சொற்பொழிவாளர்கள் இதை மட்டும் பிடித்துக்கொண்டு, உலகப் பேரறிஞரே ஒப்புக்கொண்டார் என்று முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் முடித்தேன். ஆனால் ஒப்பு வேறு, விளக்கம் வேறு. அவதாரத்துக்கு ஒரு நோக்கம் உண்டு. அறத்தைக் காக்க இறைவன் விரும்பி இறங்குகிறான். இயற்கைத் தேர்வுக்கு நோக்கமே இல்லை. பூச்சி கறுப்பாக விரும்பிக் கறுப்பாகவில்லை. வெளுப்பாக இருந்தவை தின்னப்பட்டன, அவ்வளவே. மேலும் இன்றைய மீன் நமக்குப் பாட்டன் அன்று, நெடுந்தொலைவுப் பங்காளி. பரிணாமம் ஏணி அன்று, கிளைத்துப் படர்ந்த ஆலமரம். தம் வாழ்நாள் முழுவதும் இயற்கைத் தேர்வின் வேகத்தை எண்களால் அளந்த ஒருவர், பத்து உருவங்களின் வரிசையைக் கண்டு அதுவே பரிணாமக் கொள்கை என்று மயங்குவாரா?

சொல்லும் நம்மை மயக்கும். நாம் வழங்கும் பரிணாமம் என்னும் சொல் சாங்கியத் தத்துவத்திலிருந்து வந்தது. மூலப்பிரகிருதி படிப்படியாகத் திரிந்து உலகாகிறது என்பது சாங்கியம். பால் தயிராவதை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். அழகான கருத்து. ஆனால் பால் தயிராவது வேறு, பல தலைமுறைப் பசுக்களுள் சில மிகுதியாகக் கன்று ஈன்று மந்தையின் இயல்பே மாறுவது வேறு. காலக் கணக்கும் அப்படித்தான். பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்கின்றன புராணங்கள். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்கிறது கதிரியக்க அளவீடு. இரண்டும் அருகருகே நிற்பது தற்செயல். பாறையை அளந்து வந்த எண் ஒன்று, யுகங்களைப் பெருக்கி வந்த எண் மற்றொன்று. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று பேராயர் அஷர் கணக்கிட்டதை நம்பிய நாட்டவர்க்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் அச்சம் தந்தன, நமக்குத் தரவில்லை. அச்சமின்மை நல்லதுதான். அது கண்டுபிடிப்பு ஆகாது.

அப்படியானால் இந்து சமயத்தில் ஹால்டேன் கண்டது என்ன? டார்வினின் நூல் வெளிவந்து நூறாண்டு நிறைந்த 1959ஆம் ஆண்டில், இந்தியக் கண்கொண்டு டார்வினைப் பார்க்கும் கட்டுரையொன்றை அவர் எழுதினார். மனிதன் விலங்குகளின் உறவினன் என்பதே டார்வின் ஐரோப்பாவுக்குத் தந்த பெரிய அதிர்ச்சி. இந்துவுக்கும் பௌத்தருக்கும் சமணருக்கும் அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. ஓருயிரே பல பிறவிகளில் புழுவாகவும் பறவையாகவும் மனிதனாகவும் வரும் என்று எண்ணிப் பழகியவர்கள் அவர்கள். ஆகவே டார்வின் செய்தது ஒருவகையில் ஐரோப்பியரை இந்தியரின் எண்ணத்துக்குக் கொண்டுவந்ததே என்பது அவர் கருத்து. டார்வினுக்கு முன் நம் முன்னோர் அறிவியல் கண்டனர் என்று அவர் சொல்லவில்லை. டார்வின் கண்ட உண்மையை ஏற்க நம் மனம் முன்பே பண்பட்டிருந்தது என்றார். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் எனக்குப் புரிய ஒரு பருவம் ஆயிற்று.

இதைச் சோதித்துப் பார்க்க எனக்கு வேறோர் ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது என் அப்பத்தாவிடம், மனிதனும் குரங்கும் ஒரு வழிவந்தவர்கள் என்று கல்லூரியில் படிக்கிறேன் என்றேன். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெற்றிலையை மென்றுகொண்டே, அனுமாரும் குரங்குதானே, இதைப் படிக்கவா அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வருகிறாய் என்று கேட்டார். வில்பர்போர்சு ஆயர் தடுமாறிய இடத்தை என் அப்பத்தா வெற்றிலைச் சாறோடு கடந்துவிட்டார். ஹால்டேன் சொன்னது எத்துணை உண்மை என்று பூரித்துப் போனேன்.

அன்று மாலையே இன்னொன்றையும் கண்டேன். புதிதாகக் கண்டேன் என்பது பொய். பிறந்தது முதல் கண்டுவருவதுதான். அடுத்த தெருவிலிருந்து வேலைக்கு வந்த மூதாட்டி தாகமென்று கேட்டார். அப்பத்தா செம்பை உயரத் தூக்கி, ஏந்திய கைகளில் செம்பு பட்டுவிடாதபடி தண்ணீரை ஊற்றினார். குரங்கை உறவென்று ஏற்க ஒரு நொடி போதுமாயிருந்த அதே கை அது. நான் திண்ணையில் உட்கார்ந்து ஹால்டேனைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஒன்றும் சொல்லவில்லை.

ஹால்டேன் நம்மைப் புகழ்வதற்காக மட்டும் இங்கு வரவில்லை. நம் ஆய்வுக்கூடங்களில் மேலோர் கீழோர் என்ற அடுக்கு முறையையும், ஆராய்ச்சியாளரைக் கோப்புகளுக்கு அடிமையாக்கும் அலுவலக முறையையும் கடுமையாகக் குறை கூறினார். அவருடைய மாணவர் துரோணம்ராஜு, மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து, ஆந்திரத்தில் நெருங்கிய இரத்த உறவில் நடக்கும் திருமணங்களை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். தாய்மாமன் அக்காள் மகளை மணப்பது நம் பக்கத்திலும் வழக்கமே. என் பெற்றோரின் உறவும் அதுதான். மறைந்து கிடக்கும் கேடான ஜீன் இருபக்கமும் ஒன்றாயிருந்தால் பிள்ளையில் வெளிப்பட வாய்ப்புக் கூடும் என்பதை நம் மரபியல் பாடம் சொல்கிறது. வழக்கம் என்பதற்காக அதைப் போற்றவும் வேண்டாம், நமது என்பதற்காக மறைக்கவும் வேண்டாம். எண்ணிப் பார்க்கலாம் என்பதே அவர் வழி.

கடவுளை அவர் ஏற்றுக்கொண்டார் என்று யாரும் கருத வேண்டாம், அவர் பொருள்முதல்வாதி. ஆயினும் படைப்புக் கடவுளை ஏற்காத சாங்கியமும் மீமாம்சையும் வைதிகத் தரிசனங்களின் வரிசையிலேயே இடம்பெற்ற நாடு இது. சமணரின் சியாத்வாதம் என்னும் தருக்க முறையைப் பற்றியும் 1957இல் ஓர் ஆய்வுரை எழுதினார். ஒரு கூற்றை உண்டு, இல்லை என்ற இரண்டோடு நிறுத்தாமல், ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, சொல்ல இயலாது என்று பிரித்துப் பார்க்கும் முறை அது. ஐயத்தையும் நிகழ்தகவையும் கையாளும் புள்ளியியலாருக்கு அது பயன்படும் என்று கண்டார். அக்கட்டுரை வெளிவந்த இதழின் பெயரே சாங்க்யா என்பதாகும்.

கொல்லாமையை அவர் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் கொண்டுவந்தார். உயிரைக் கொல்லாமல், விலையுயர்ந்த கருவி இல்லாமல் உயிரியல் செய்ய முடியும் என்று தம் மாணவர்களுக்குக் காட்டினார். இதை வாசித்த அன்று, தவளை அறுத்துக் கற்ற காலம் போய்விட்டதே என்று வருந்தும் மூத்தோர் சிலரின் நினைவு வந்தது. எஸ்.கே. ராய் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். பெரும்பாலும் ஆறு, சிலவற்றில் ஐந்து, சிலவற்றில் ஏழு, எட்டு. ஒரே மரத்தில் ஏன் இந்த வேறுபாடு? வேறுபாடுதானே பரிணாமத்தின் மூலப்பொருள். துரோணம்ராஜு உண்ணிச்செடியின் அருகே நின்று, எந்த வண்ணத்துப்பூச்சி எந்த நிறப் பூவை நாடுகிறது என்று குறித்தார். பூச்சிகள் நிறம் பார்த்துப் பிரிந்தால், நாளடைவில் செடியே இரண்டு இனமாகப் பிரிய வழி உண்டு அன்றோ? ஜெயகர் மஞ்சள் மூக்கு ஆட்காட்டிப் பறவை அடைகாப்பதைக் கவனித்தார். டேவிஸ் தென்னை மரங்களைப் பார்த்துவந்தார். தென்னையின் ஓலைகள் சில மரங்களில் இடப்புறமாகவும் சிலவற்றில் வலப்புறமாகவும் சுழன்று அமைந்திருக்கும். இடச்சுழி மரம் சற்று மிகுதியாகக் காய்க்கிறது என்று அவர் கண்டார். தென்னந்தோப்பில் வளர்ந்தவன் நான். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

கல்கத்தா நிறுவனத்தோடு கருத்து வேறுபாடு ஏற்பட்டு 1961இல் அங்கிருந்து விலகினார். 1962இல் ஒரிசா அரசின் ஆதரவில் புவனேசுவரத்தில் மரபியல் மற்றும் உயிர்ப்புள்ளியியல் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அது நிலைகொள்வதற்குள் குடலில் புற்றுநோய் கண்டது. இலண்டனில் அறுவை செய்துகொண்டு, படுக்கையிலிருந்தே தம் நோயைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார். நோயை மறைக்காமல் காலத்தே மருத்துவரிடம் காட்டுங்கள் என்பதே அதன் உட்கருத்து. தம் இரங்கலுரையைத் தாமே பேசிப் படம்பிடிக்கச் செய்துவிட்டு, ஊர் திரும்பினார். ஊர் என்றது புவனேசுவரத்தை. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

அவர் உடல் எரிக்கப்படவும் இல்லை, புதைக்கப்படவும் இல்லை. அவர் விருப்பப்படி, மாணவர்கள் அறுத்துக் கற்பதற்காகக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது. முதுகெலும்பைத் தானம் செய்த ததீசி முனிவரை இங்கே ஒப்பிட்டு எழுதக் கை துடிக்கிறது. சொற்போர்ப் பழக்கம் இன்னும் போகவில்லை, விட்டுவிடுகிறேன்.

அவர் இங்கிலாந்திலிருந்து கையோடு கொண்டுவந்த மரபியல் ஆய்விதழ் நின்றுபோகவில்லை. 1910இல் பேட்சனும் புன்னெட்டும் தொடங்கிய அவ்விதழ், 1985 முதல் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமியால் வெளியிடப்பட்டுவருகிறது. ஆனால் 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. மனிதன் விலங்கின் உறவினன் என்பதில் நமக்கு அதிர்ச்சி இல்லை என்று ஹால்டேன் எழுதிய நாட்டில்தான் இது நடந்தது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பவழமல்லி மரம் நிற்கிறது. இப்பொழுதெல்லாம் ஊரில் இருக்கும் நாள்களில் விடியற்காலை எழுந்து, உதிர்ந்து கிடக்கும் பூக்களை எடுத்து இதழ் எண்ணிக் குறிக்கிறேன். ஐந்து இதழ், ஆறு இதழ், ஏழு இதழ் என்று தனித்தனிக் குவியல். அப்பத்தா முதலில் பேரனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்தார். தரையில் விழுந்த பூவைச் சாமிக்குச் சூட்டக்கூடாது என்ற விதி பவழமல்லிக்கு மட்டும் இல்லையாம். எண்ணி முடிக்கும்வரை பக்கத்தில் காத்திருந்து, குவியல்களை ஒன்றாகக் கலந்து வாரி, எவர்சில்வர் டம்ளரில் போட்டுக்கொண்டு பெருமாள் படத்துக்கு எடுத்துப் போகிறார்.